திரை போட்ட அறையில் ஒரு மரவட்டை

சின்ன வயதில் நான் மரவட்டை வளர்த்தவள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அண்மையில் நாம் பழைய வகுப்புக்காரிகள் கூடிச் சாப்பிட்டபோது ஒருத்தி, தன் கடைசி மகன் சிலந்தி வளர்க்கிறான், அதற்குத் தனி விளக்கு, தனிச் சூடு, சாப்பாடுகூடத் தபாலில் வருகிறது என்று தலையில் அடித்துக்கொண்டாள். முழங்கால் வலியையும் சர்க்கரையையும் விட்டுவிட்டு எல்லோரும் அந்தப் பையனைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் மட்டும் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஏன் அப்படி இருந்தாய் என்று ஒருத்தி பிறகு போனில் கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதையா அது? ஐம்பது தாண்டியும் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாத கதை. எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது நாங்கள் லண்டனில், இல்ஃபோர்டில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் இருந்தோம். கீழே வீட்டுக்கார அன்ரியும் அங்கிளும். நடுவில் ஓர் அறையில் மூன்று இளவட்டப் பொடியன்கள், முறை வைத்துத் தூங்குவார்கள், முறை வைத்து வேலைக்குப் போவார்கள். சமைக்கிற குசினி எல்லோருக்கும் பொது. அப்பா பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அம்மாவுக்கு வந்து இரண்டு வருஷமாகியும் இங்கிலீஷ் வாய்க்குள் வரவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. பெரிய பள்ளிக்கூடத்தில் முதல் வருஷம் முடிகிற நேரம்.

எங்கள் விஞ்ஞான ரீச்சரை உங்களில் சிலருக்கு ஞாபகமிருக்கும். ஆய்வுகூடத்தின் பின்சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள் வைத்திருந்தார். ஒன்றில் குச்சிப் பூச்சிகள், ஒன்றில் தொட்டால் சீறுகிற கரப்பான்கள், ஒன்றில் உள்ளங்கை அளவு ஆபிரிக்க நத்தைகள். கடைசித் தொட்டியில் மரவட்டை. ஊரில் மழைக்குப் பிறகு மதிலில் ஏறுமே, அதை நினைக்காதீர்கள். இது ஆபிரிக்காவிலிருந்து வந்தது. என் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீளம், பெருவிரல் மொத்தம், மினுமினுக்கிற கறுப்பு. கையில் ஏறினால் மெல்லிய பிரஷால் வருடுகிற மாதிரி இருக்கும். பயந்தால் சுருண்டுகொண்டு மஞ்சளாக ஏதோ கசியும். அந்தக் கறை விரலில் நாலு நாளைக்கு நிற்கும், ஆஸ்பத்திரி மணம் மணக்கும்.

கோடை விடுமுறைக்கு ஒவ்வொரு தொட்டியும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது ரீச்சரின் ஒழுங்கு. குச்சிப் பூச்சிக்கு அடிபிடி. மரவட்டைக்கு ஒருவரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன். சத்தம் போடாத பிராணி, எங்கள் வீட்டுக்கு அதுதான் சரி என்று நினைத்தேன். ரீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாம் சொல்லித் தந்தார். வெள்ளரிக்காய் வை, வாழைப்பழம் வை, மண் காயாமல் தண்ணீர் தெளி. பிறகு முக்கியமான ஒன்று சொன்னார்: ஒருநாள் அது மண்ணுக்குள் போய்விடும், வாரக்கணக்கில் வெளியே வராது, உள்ளே தோல் கழற்றும், அந்த நேரத்தில் அதன் உடம்பு மெத்தென்று இருக்கும், மண்ணைக் கிளறினால் செத்துப்போகும்.

தொட்டியோடு வீட்டுக்குள் வந்த என்னைப் பார்த்து அம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"ஐயோ, இதை ஏனடி வீட்டுக்குள்ளை கொண்டந்தனி? வெளியிலை வை!"

"பள்ளிக்கூடத்திலை தந்தவை அம்மா."

அப்பா நித்திரை முறியாத கண்ணோடு வந்து குனிந்து பார்த்தார். "பள்ளிக்கூட வேலையோ? இதுக்கு மார்க்ஸ் போடுவினமோ?"

நான் தலையை ஆட்டுவதற்குள் அவரே முடிவு கட்டிவிட்டார். "படிப்புக்கெண்டு தந்தது. பிறகென்ன? இருக்கட்டும்." படிப்பு என்ற சொல்லுக்கு எங்கள் வீடுகளில் இருந்த மரியாதை உங்களுக்குத் தெரியும். யானையைக் கொண்டுவந்து படிப்புக்கு என்று சொல்லியிருந்தால் யானைக்கும் இடம் ஒதுக்கியிருப்பார்கள்.

அம்மாவையும் ஒரு சின்னப் பொருள் கொஞ்சம் இளக்கியது. மரவட்டை கடித்துத் தின்பதற்கு என்று ரீச்சர் வெள்ளையாக ஓர் ஓட்டுத் துண்டைத் தந்திருந்தார். அம்மா அதைத் தொட்டியிலிருந்து இரண்டு விரலால் எடுத்தார். "இது கணவாய் ஓடெல்லோ! கடற்கரையிலை பொறுக்கி நானும் தம்பியும் சிலேற்றிலை தேய்க்கிறனாங்கள்." என் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பொருள்களில் அம்மாவுக்குத் தெரிந்த முதல் பொருள் அதுதான். தம்பி என்றது என் மாமாவை. அவர் ஜெர்மனியில் ஓர் அகதி முகாமில் இருந்தார். அந்த நாட்டை விட்டு வெளியே போக அவருக்கு அனுமதிப் பேப்பர் கிடையாது.

விடுமுறை தொடங்கிய கையோடு நான் பெரியபிள்ளையானேன்.

அன்றைக்கே வீட்டுக்கார அன்ரி தலையில் தண்ணீர் வார்த்தார். சின்ன அறையில் பாய் போட்டு இருத்தினார்கள். அது பெட்டி வைக்கிற அறை, கால் நீட்டினால் கதவில் முட்டும். இரும்பு ஏதாவது பக்கத்தில் இருக்க வேண்டுமாம். கத்தி வைக்கப் பயந்து அப்பாவின் ஸ்பானரைத் தலையணைக்குக் கீழே வைத்தார் அம்மா. பொடியன்கள் படியில் ஏறி இறங்குகிற வீடு, ஆகவே கதவு சாத்தியபடி. முன்வீட்டுக்காரர் பார்ப்பார்கள், ஆகவே திரை போட்டபடி. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மத்தியானம் கத்தரிக்காய், பின்னேரம் உழுத்தங்களி. இதெல்லாம் உங்களுக்கும் நடந்ததுதான். ஆனால் உங்களுக்கு ஏழெட்டு நாளில், மிஞ்சினால் இரண்டு கிழமையில் சடங்கு வைத்துத் தீட்டுத் துடக்கெல்லாம் கழித்து வெளியே விட்டார்கள். எனக்கு அந்தக் கோடை முழுக்கப் போனது.

காரணம் மாமா. தாய்மாமன் வந்து தண்ணீர் வார்க்காமல் சடங்கில்லை என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். மாமா ஒரே தம்பி. இரண்டாவது தண்ணீர் வார்ப்பு வரைக்கும் நான் அறையிலேயே. மாமா அங்கிருந்து போன் எடுக்கும் நேரம் அம்மா கீழே ஹோலில் போய்க் காத்துக்கொண்டு நிற்பார். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து எனக்கு அம்மாவின் பாதிப் பேச்சு மட்டும் கேட்கும்.

"என்ன சொல்லுறாங்கள்? அடுத்த கிழமையோ? சரி, அடுத்த கிழமை வந்தால் போதும். பிள்ளையை நான் வைச்சிருக்கிறன்தானே."

பிள்ளையை வைத்திருந்தார். அடுத்த கிழமை வரும், மாமா வரமாட்டார், அதற்கடுத்த கிழமை என்பார். ஆர்ச்வே முருகன் கோயிலில் தம்பி பேரில் அர்ச்சனை செய்தால் பேப்பர் கிடைக்கும் என்று அம்மாவுக்கு நம்பிக்கை. ஆனால் என் துடக்கு எங்கள் குடும்பத்துக்கே துடக்கு, அவர் கோயில் படி மிதிக்க ஏலாது. தம்பி வரும்வரை துடக்குக் கழிக்கவும் மாட்டார். கடைசியில் வீட்டுக்கார அன்ரிதான், "எங்களுக்குத் துடக்கில்லைத்தானே, நான் போறன்" என்று பஸ்ஸும் ரயிலும் மாறிப் போய் வந்தார். இதை இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்கு அந்த அறைக்குள் மூச்சு முட்டியது. வெளியே நல்ல வெய்யில். ஐஸ்கிரீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில்தான் நிற்கும். பின்வளவில் யாரோ புல் வெட்டும் மணம் வரும். என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் சைக்கிளில் போகும்போது சிரித்த சிரிப்பைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன், திரையை விலக்கக் கை வந்தது, அம்மா அதட்டினார். கோபத்தில் களியைத் தட்டோடு தள்ளிவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. துடைத்துவிட்டு வேறு களி கிண்டிக்கொண்டு வந்தார். அது இன்னும் மோசம்.

அதே அறையில் மரவட்டையும் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். அது இரவில் நடமாடுகிற பிராணி. ஆனால் பகல் முழுக்கத் திரை போட்ட அறை என்பதால் அதற்குக் குழப்பம். மத்தியானமே மண்ணுக்கு மேலே வந்து உலாத்தும். கால்கள் தலையிலிருந்து வால்வரை அலை அலையாக ஓடும், கண்ணாடியில் ஏறிப் பாதி உயரத்தில் பொத்தென்று விழும், திரும்ப ஏறும். என் பங்கு வாழைப்பழத்தில் பாதி அதற்கு. களியும் வைத்துப் பார்த்தேன், கிட்டப் போய் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிட்டது. அதற்காவது வேண்டாம் என்று சொல்ல முடிந்தது.

அப்பா அறைக்குள் வருவதில்லை. நான் பெரியபிள்ளையான நாளிலிருந்து என் முகத்தைப் பார்க்கவே வெட்கப்பட்டார். அருவருக்கிறார் என்று நினைத்து நான் அழுதிருக்கிறேன். ஆனால் வேலைக்குப் போகுமுன் கதவுக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமுவார். மரவட்டைக்கு அவர் வைத்த பேர் கோச்சி. ஊரில் ரயிலை அப்படித்தானே சொல்வார்கள்.

"கோச்சி சாப்பிட்டுதோ?"

"ஓம் அப்பா. வெள்ளரிக்காய்."

"ஆ. சரி, சரி."

அவ்வளவுதான். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போகும். மகளோடு பேச அவருக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை, இதையாவது பிடித்துக்கொண்டார் என்று இப்போது புரிகிறது.

பிறகு ஒருநாள் மரவட்டை மண்ணுக்குள் போனது. ரீச்சர் சொன்னது இதுதான் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னேன். அவர் காது போன் பக்கம் இருந்தது, ம் என்றார். நாட்கள் போகப் போக எனக்கே பயம் வந்துவிட்டது. கிளறிப் பார்க்கக் கை துறுதுறுக்கும், இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருப்பேன். வீட்டுக்கார அன்ரி களி கொண்டுவரும்போது தொட்டியை எட்டிப் பார்ப்பார். "இவ்வளவு நாளாச் சாப்பாடு தண்ணி இல்லாமல் எது உயிரோடை இருக்கும்? அது செத்துப்போச்சு பிள்ளை. சடங்கு நடக்கிற அறையிலை செத்த சீவன் கிடக்கக் கூடாது, கொட்டச் சொல்லு." அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லை, உயிரோடை இருக்கு" என்று நான் கத்தினேன்.

எனக்குச் சாட்சி இருந்தது. தொட்டியின் அடிமூலையில் கண்ணாடியோடு ஒட்டி ஒரு சின்னக் குழி. அது வழியாக மரவட்டையின் உடம்பு ஒரு காசளவுக்குத் தெரியும். பாயில் கன்னத்தை வைத்துப் படுத்தால்தான் பார்க்கலாம். ஒருநாள் அந்தக் கறுப்பில் ஒரு வெடிப்பு, அதற்குள் பால் வெள்ளை. தோல் கழற்றத் தொடங்கிவிட்டது. அன்றைக்கு அப்பா செருமுவதற்கு முன்பே கதவுக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன்.

"அப்பா, கோச்சி வெள்ளையா வருது!"

"வெள்ளையோ?" குரல் கதவுக்குக் கிட்ட வந்தது. "வடிவா இருக்கோ?"

"நல்ல வடிவு."

"அப்ப பத்திரமாப் பார்." அன்றைக்கு அவர் படியிறங்கும்போது மெல்லச் சீட்டியடித்தார்.

அடுத்த நாள் மாமாவின் போன் வந்தது. இந்த முறை போனை வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மேலே வந்து, அன்ரியைக் கூப்பிட்டு, "நாளைக்கே தண்ணி வாருங்கோ. அங்கிளையே மாமன் முறைக்கு நிற்கச் சொல்லுங்கோ" என்றார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மாமாவுக்குப் பேப்பர் தர முடிவாக மறுத்துவிட்டார்கள் என்பது அன்ரி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் பரிதாபப்படவில்லை. வெளியே போகப்போகிறேன் என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

மறுநாள் காலை அப்பா ஷிப்டில். அங்கிள் குளியலறை வாசலில் நின்று பாலும் அறுகம்புல்லும் தலையில் வைத்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். மிச்சத்தை அன்ரி வார்த்தார். லண்டன் குளியலறை, இரண்டு பேருக்கு மேல் நிற்க இடமில்லை, அம்மா மேலேயே நின்றார். துடக்கு அறையில் கிடந்த பாய், தலையணை, உடுப்பு, தட்டு எல்லாம் ஊரில் என்றால் சலவைக்காரருக்குப் போகும். இங்கே கறுப்புப் பைகளில் கட்டிக் குப்பைக்கு வைத்தார் அம்மா. மனம் சரியில்லாவிட்டால் அவருக்கு எதையாவது தேய்த்துக் கழுவ வேண்டும், அது எப்போதும் அப்படித்தான்.

ஈரத் தலையோடு, அரைகுறையாகச் சுற்றிய சேலையோடு நான் மேலே வந்தேன். அறை வெறுமையாக இருந்தது. திரை விலக்கியிருந்தது, இத்தனை நாளுக்குப் பிறகு வெய்யில் உள்ளே அடித்தது. யன்னல் விளிம்பில் மரவட்டைத் தொட்டி பளபளவென்று டெட்டோல் மணத்தோடு கவிழ்ந்திருந்தது.

"அம்மா, மண் எங்கை?"

"பின்னாலை கொட்டிப்போட்டன். பள்ளிக்கூடச் சாமான், வடிவாக் கழுவித்தானே திருப்பிக் குடுக்கவேணும்? செத்ததுக்கு நீ என்ன செய்யிறது, நான் ரீச்சருக்கு…"

மிச்சத்தை நான் கேட்கவில்லை. இத்தனை நாளும் எனக்கு விலக்காயிருந்த படிகளில் இறங்கி, குசினி வழியாக, பொடியன் ஒருவன் தேத்தண்ணிக் கோப்பையோடு திகைத்து நிற்க, சேலை அவிழ அவிழ ஓடினேன். அன்ரியின் ரோசாச் செடியடியில் மண் குவியலாகக் கிடந்தது. குழி உடைந்து கட்டி கட்டியாகச் சிதறியிருந்தது. அதற்குள் மரவட்டை, பாதி உடம்பு பழைய கறுப்புத் தோலுக்குள், பாதி வெளியே, இடியப்பம் போல வெள்ளையாக, நடுவில் நசிந்து. வெளியே வந்த பக்கத்துக் கால்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. தொட்டால் கிழியும், தொடாவிட்டால் வெய்யிலில் காயும். ஒன்றும் செய்யத் தெரியாமல் சேலைத் தலைப்பை அதற்கு மேலே நிழலாகப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அசைவு நின்றுவிட்டது.

அம்மா பின்னால் வந்து நின்றது தெரியாது. "உயிரோடையோ இருந்தது?" என்று கேட்டார்.

"உங்களுக்குச் சொன்னனான்! சொன்னனான்தானே! நீங்கள் ஒண்டும் கேக்கமாட்டியள்!" வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். கீழறை யன்னலில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா என்னை அதட்டவில்லை. "தம்பி வரமாட்டானாம் பிள்ளை" என்றார்.

நான் கேட்டதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எத்தனையோ வருஷம் மனதுக்குள் கொதித்திருக்கிறேன். என் பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு நாட்டுக்குப் போன பிறகுதான் விளங்கியது. சடங்கு நடக்காமல் இருக்கும்வரை மாமா வருவதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைக் காட்டித்தான் அவர் அங்கே அதிகாரிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்தால் அது போய்விடும். சம்பிரதாயத்துக்காக அம்மா என்னை அடைத்து வைத்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். அவரோ, தம்பிக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். எனக்கு இரக்கம்தான் வருகிறது, ஆனால் அந்தக் கோடையின் கோபமும் முழுக்கப் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

பின்னேரம் படம் எடுத்தார்கள். எல்லாப் படத்திலும் எனக்கு அழுத முகம். தாய்மாமன் இல்லாத ஏக்கம், பாவம் பிள்ளை என்று வந்தவர்கள் சொன்னார்கள். அம்மா பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

பள்ளிக்கூடம் தொடங்கிய நாளில் தொட்டியைத் திருப்பிக் கொடுக்க அம்மாவும் என்னோடு வந்தார். அதுவரை அவர் என் பள்ளிக்கூட வாசலைப் பார்த்ததில்லை. சேலைக்கு மேல் கோட்டுப் போட்டு, வெறும் தொட்டியைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உதடு அசைய ஏதோ பாடமாக்கிக்கொண்டு வந்தார். நான் விலகி இருந்தேன்.

ஆய்வுகூடத்தில் ரீச்சர் தொட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா முன்னால் வந்தார்.

"மிஸ், ஐ கில். மை டோட்டர் லுக் குட். வெரி குட் லுக். ஐ கில்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார். கை மட்டும் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. ரீச்சர் தொட்டியை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு அம்மாவின் தோளில் கை வைத்து, இப்படி எல்லோருக்கும் நடக்கும் என்றார். என்னிடம் திரும்பி, உன்னைப் போலப் பார்க்கிறவர்கள் குறைவு, இன்னொரு மரவட்டை எடுத்துத் தருகிறேன், பள்ளிக்கூடத்துக்கு அல்ல, உனக்கே, வீட்டில் வைத்து வளர்க்கிறாயா என்று கேட்டார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

சொன்னேன். எனக்கு அது வேணும் போலத்தான் இருந்தது, அது என் குரலில் தெரிந்திருக்கும். அம்மா சுவரில் வரிசையாக இருந்த தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கரப்பானை, நத்தையை, குச்சிப் பூச்சியை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். கோடை முழுக்க அவர் அப்படி என்னை நேரே பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

"வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை" என்றார். "அடைச்சு வைச்சது போதும்."

ரீச்சர் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நோ, தாங்க் யூ, மிஸ்" என்று மட்டும் சொன்னேன்.